பூனைக்காலி விதையும் நடுக்குவாதமும்

வேலியோரங்களிலும் புதர்களிலும் படர்ந்து கிடக்கும் பூனைக்காலிக் கொடியை நம் விவசாய அங்கத்தினர்களுக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. அதன் காய்களை மூடியிருக்கும் பழுப்பு நிறச் சுணை உடம்பில் பட்டால் உண்டாகும் அரிப்பை ஒரு முறை அனுபவித்தவர் மறுமுறை அப்பக்கம் போகமாட்டார். எனினும் அக்காய்க்குள் இருக்கும் விதையை நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகப் பக்குவப்படுத்தி நரம்புத் தளர்ச்சிக்கும் உடற்பலத்துக்கும் கொடுத்து வந்திருக்கின்றனர். 1937-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்த பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், இராமசாமி என்னும் இரு விஞ்ஞானிகள் இவ்விதையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, அதைப் பற்றி ஆங்கிலேய விஞ்ஞான இதழொன்றில் எழுதினர். அப்பொருளுக்கு உள்ள நீண்ட ரசாயனப் பெயரைச் சுருக்கி ‘டோபா’ என்பர். இன்று மருந்துக் கடைகளில் ‘லெவோடோபா’ என்ற பெயரில் மாத்திரையாகக் கிடைப்பது அதுவேயாகும்.

அது எதற்குப் பயன்படும் என்பது அன்று யாருக்கும் தெரியாது. முப்பதாண்டுகள் கழித்து, படுக்கையிலிருந்து எழ முடியாமல் கிடந்த நோயாளிகளை எழுந்து நடக்க வைத்த மருந்து அதுதான் என்று உலகம் கண்டது. அந்த இடைக்காலத்தில் நடந்தது என்ன என்பதையும், அதன் தொடர்ச்சியாக வயலில் மருந்தடிப்பவர்களை நேரே தொடுகிற மற்றொரு செய்தி எவ்வாறு வெளிப்பட்டது என்பதையும் அங்கத்தினர்கள் தெரிந்துகொள்ளுதல் நன்று எனக் கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது கூறுவோம். 1817-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் வைத்தியம் செய்து வந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்பவர் நடுக்குவாதத்தைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் அவர் விவரித்த நோயாளிகள் ஆறே பேர். அவர்களிலும் சிலரை அவர் தெருவில் போகும்போது கண்டு விசாரித்ததோடு சரி. ஆயினும் அவர் கண்டு எழுதியவை இன்றளவும் பெரும்பாலும் மாறாமல் நிற்கின்றன. பிற்காலத்தில் பிரெஞ்சு தேசத்து வைத்திய மேதையான ஷார்கோ இந்நோய்க்கு அவர் பெயரையே வைத்தார். நம் நாட்டில் நடுக்குவாதம், கம்பவாதம் என்று வழங்குவது பெரும்பாலும் இந்த நோயைத்தான்.

நடுக்கம் என்றாலே இந்நோய் என்று எண்ணிவிடக் கூடாது. தண்ணீர் டம்ளரை எடுத்து வாயருகே கொண்டு போகும்போது கை நடுங்குவது வேறு வகை. அது பல குடும்பங்களில் பரம்பரையாக வருவதுண்டு, இந்த அளவுக்குக் கேடு செய்வதுமில்லை. பார்க்கின்சன் நோயில் கை சும்மா மடியில் கிடக்கும்போதுதான் நடுங்கும். ஒரு வேலையில் ஈடுபட்டவுடன் பெரும்பாலும் அடங்கும். அதுவும் முதலில் ஒரு பக்கத்துக் கையிலோ காலிலோ மட்டுமே தோன்றும். உண்மையில் நடுக்கத்தைக் காட்டிலும் முக்கியமான அடையாளம் மந்தமே. சிலருக்கு நடுக்கம் என்பதே இராது. நடக்கும்போது ஒரு கை மட்டும் வீச்சின்றித் தொங்கும்; அடி குறுகும்; கால் தரையைத் தேய்க்கும்; முகத்தில் பாவம் குறையும்; குரல் தாழும்; எழுத்து வரவரச் சிறுக்கும். பாவு பிணைப்பவருக்கு இழையை முறுக்கும் விரல் முதலில் தடுமாறும். நாடா ஓட்டும் கையும் மிதி மிதிக்கும் காலும் ஒன்றோடொன்று இசைந்து போவது தறியில் உட்கார்ந்தவருக்குத் தானாக நடக்கிற காரியம். அந்த ‘தானாக’ என்பதுதான் இந்நோயில் போய்விடுகிறது. ஒவ்வொரு அசைவையும் நினைத்து நினைத்துச் செய்ய வேண்டியதாகிறது.

இதை வீட்டார் மூப்பென்று தள்ளிவிடுகின்றனர். சில வீடுகளில் சோம்பல் என்று ஏசவும் செய்கின்றனர். இரண்டும் தவறு. மூப்பில் இந்நோய் மிகுதியாக வருவது உண்மையே. ஆனால் ஐம்பது வயதுக்கு முன்பே வந்தோரும் உண்டு. மூப்புக்கு மாத்திரை இல்லை, இதற்கு இருக்கிறது. நோய் வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வாசனை அறியும் சக்தி குறைதல், ஓயாத மலச்சிக்கல், தூக்கத்தில் கனவுக்கேற்பக் கையையும் காலையும் வீசுதல் ஆகியவை சிலருக்குத் தோன்றுகின்றன என்றும் இப்போது தெரிந்திருக்கிறது. மலச்சிக்கல் உள்ளோரெல்லாம் அஞ்ச வேண்டியதில்லை என்பதையும் உடனே சொல்லிவிடுகிறோம்.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். மூளையின் நடுவில், தண்டுப் பகுதியின் மேல்முனையில், கறுத்த நிறமுள்ள ஒரு சிறு பகுதி இருக்கிறது. 1919-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் டிரெட்டியாகாஃப் என்பவர், நடுக்குவாதத்தால் இறந்தோரின் மூளைகளில் இக்கறுப்பு வெளுத்துப் போயிருப்பதைக் கண்டார். சாயம் போன நூலைப்போல் அவ்விடம் வெளிறிக் கிடந்தது. கறுத்த கணுக்கள் அங்கே அழிந்திருந்தன. ஆனால் அக்கணுக்கள் என்ன வேலை செய்தன, அவை போனால் கை ஏன் நடுங்க வேண்டும் என்பது விளங்கவில்லை. ஏறக்குறைய நாற்பதாண்டுக் காலம் இக்கண்டுபிடிப்பு அப்படியே கிடந்தது.

அதை விளக்கி வைத்தது நம் நாட்டு வேர் ஒன்று. சர்ப்பகந்தி என்னும் செடியின் வேரை மனக்கலக்கத்துக்கும் தூக்கமின்மைக்கும் கொடுப்பது நம் வைத்தியத்தில் பழைய வழக்கம். 1931-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் சென், போஸ் என்னும் இரு வைத்தியர்கள், அது இரத்த அழுத்தத்தைத் தணிப்பதையும் சித்தப்பிரமை கொண்டோரைச் சாந்தப்படுத்துவதையும் எழுதி வெளியிட்டனர். பம்பாய் வைத்தியர் ருஸ்தம் வக்கீல் 1949-ஆம் ஆண்டில் ஆங்கிலேய இதய வைத்திய இதழில் எழுதிய பிறகே மேல்நாட்டார் அவ்வேரைத் திரும்பிப் பார்த்தனர். 1952-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து தேசத்தில் அதன் சத்தைப் பிரித்தெடுத்து ‘ரிஸர்பின்’ எனப் பெயரிட்டனர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் லட்சக்கணக்கானோர் அதை உண்டனர். அப்போதுதான் ஒரு விசித்திரம் கவனிக்கப்பட்டது. அளவு மிகுந்தபோது சிலர் நடுக்குவாத நோயாளிகளைப் போலவே விறைத்தனர், முகபாவம் இழந்தனர், கை நடுங்கினர். மருந்தை நிறுத்தினால் அவ்வடையாளங்கள் நீங்கின.

ஒரு நோயை வேண்டும்போது உண்டாக்கவும் வேண்டாதபோது நீக்கவும் முடியுமானால், ஆராய்ச்சிக்காரனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஸ்வீடன் தேசத்தில் ஆர்விட் கார்ல்சன் என்பவரும் அவருடைய துணைவர்களும் முயல்களுக்கு ரிஸர்பினைச் செலுத்தினர். முயல்கள் காதுகள் தொங்க, கண் பாதி மூடி, தள்ளினாலும் நகராமல் உட்கார்ந்துவிட்டன. பிறகு அவற்றுக்கு டோபாவை ஊசி மூலம் செலுத்தினர். சில நிமிஷங்களுக்குள் காதுகள் நிமிர்ந்தன. முயல்கள் துள்ளி ஓடத் தொடங்கின. இது 1957-ஆம் ஆண்டில் வெளியான செய்தி. அடுத்து அவர் மெய்ப்பித்தது: டோபாவிலிருந்து உண்டாகும் ‘டோபமைன்’ என்னும் பொருள் மூளையில் இயல்பாகவே இருக்கிறது; அசைவை ஆளும் பகுதிகளில் அது மிகுதியாக இருக்கிறது; ரிஸர்பின் அதை வெளியேற்றிக் களஞ்சியத்தைக் காலியாக்கிவிடுகிறது. கறுத்த கணுக்கள் செய்த வேலை இதுதான்: அவை டோபமைனை உண்டாக்கி, அசைவை ஆளும் பகுதிகளுக்குச் செய்தியாக அனுப்பி வந்தன. 1960-ஆம் ஆண்டில் லண்டனில் கூடிய மாநாட்டில் இத்துறையின் மூத்த அறிஞர் பலர் இதை ஏற்கவில்லை. டோபமைன் வேறொரு பொருள் உண்டாகும் வழியிலுள்ள ஒரு கட்டம் மட்டுமே, அதற்கெனத் தனி வேலை கிடையாது என்பது அவர்கள் எண்ணம். கார்ல்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது 2000-ஆம் ஆண்டில்.

முயலில் கண்டது மனிதனுக்கும் பொருந்துமா? வியன்னா நகரில் ஹார்னிகீவிச் என்பவர் இறந்த நோயாளிகளின் மூளைகளைச் சேகரித்துச் சோதித்தார். டோபமைன் இருக்குமிடத்தில் அயோடின் கலந்த ஒரு கரைசலை விட்டால் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். நோயில்லாதவர் மூளையிலிருந்து எடுத்த சாறு சிவந்தது. நடுக்குவாதக்காரர் மூளையிலிருந்து எடுத்த சாறு நிறமேறவே இல்லை எனலாம். கருவியால் அளக்கும் முன்னரே, சாயத் தொட்டியருகே நிற்பவர் சாயம் பிடித்ததா இல்லையா என்று பார்வையாலேயே சொல்வதுபோல, வேறுபாட்டைத் தம் கண்ணாலேயே கண்டதாக அவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். இது 1960-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

குறைந்ததைக் கொடுத்து நிரப்புவதே அடுத்த யோசனை. ஆனால் டோபமைனை நேரே கொடுத்துப் பயனில்லை. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையில் ஒரு வாயிற்காவல் இருக்கிறது. அது டோபமைனை உள்ளே விடாது, டோபாவை விடும். நம் தொழிலில் வைத்துச் சொல்வதானால், நெய்த துணிக்கு அங்கே தடை, நூலுக்குத் தடையில்லை. உள்ளே போன நூல் அங்கேயே துணியாகிவிடுகிறது. 1961-ஆம் ஆண்டில் ஹார்னிகீவிச்சும் வைத்தியர் பிர்க்மாயரும் இருபது நோயாளிகளுக்கு டோபாவை ஊசி மூலம் ஏற்றினர். படுத்தபடி கிடந்தோர் எழுந்தனர். எழுந்து நிற்க முடியாதோர் நடந்தனர். சில மணி நேரமே அது நீடித்தது. மறுபடியும் விறைத்துப் போயினர்.

நாளெல்லாம் நீடிக்கச் செய்தவர் அமெரிக்காவில் பணியாற்றிய கோட்ஸியாஸ். அவர் இத்துறைக்கு வந்த வழி கவனிக்கத்தக்கது. தென் அமெரிக்காவில் சிலி தேசத்துச் சுரங்கங்களில் மாங்கனீஸ் தாதுத் தூளைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு நடுக்குவாதம் போன்ற நோய் வருவதை அவர் ஆராய்ந்து வந்தவர். தொழிலிலிருந்து உடலுக்குள் புகும் பொருள் இவ்வகை நோயை உண்டாக்கும் என்பது ஆகவே புதிய செய்தியன்று. அவர் மாத்திரையாக மிகச் சிறு அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் பொறுமையாகக் கூட்டிக்கொண்டே போய், நாளொன்றுக்குப் பல கிராம் வரையில் கொடுத்தார். 1967-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முடிவுகள் உலகெங்கும் நோயாளிகளுக்கு நம்பிக்கையளித்தன. அதன்பின் கார்பிடோபா என்னும் துணை மருந்து வந்தது. முன்பு கொடுத்த டோபாவில் பெரும்பகுதி மூளைக்குப் போகும் வழியிலேயே டோபமைனாக மாறி, குமட்டலும் வாந்தியும் உண்டாக்கி வீணாயிற்று. துணை மருந்து அந்த மாற்றத்தை வழியில் நடக்கவொட்டாமல் தடுக்கிறது. நூல் வழியில் நெய்யப்படாமல் ஊர் போய்ச் சேருகிறது. தேவைப்படும் டோபாவின் அளவு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

இங்கே ஒரு சிறு விலகல். இதற்கு நேர் எதிரான நோயும் உண்டு. 1872-ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் ஜார்ஜ் ஹன்டிங்டன் விவரித்த அந்நோயில் உடல் தன் வசமின்றி ஓயாமல் ஆடும்; மனமும் வரவரக் குலையும்; தாய் தந்தையரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இரண்டில் ஒன்று என்ற கணக்கில் வரும். அதன் மூலக்கூற்றை 1993-ஆம் ஆண்டில் ஆறு ஆராய்ச்சிக் குழுவினர் ஒன்றுகூடிக் கண்டறிந்து, தனித்தனிப் புகழ் தேடாமல் ஒரே கூட்டுப் பெயரில் வெளியிட்டனர். கூட்டுறவு நம் சங்கங்களுக்கு மட்டும் உரியதன்று போலும். அந்நோயின் ஆட்டத்தைக் குறைக்க அமெரிக்க அரசாங்கம் 2008-ஆம் ஆண்டில் அனுமதித்த மருந்து, சர்ப்பகந்திச் சத்தைப் போலவே டோபமைன் களஞ்சியத்தைக் குறைக்கும் இயல்புடையது. ஒரு நோயில் விஷம்போல் நடந்தது மற்றொரு நோயில் துணையாகிறது.

லெவோடோபா நோயை மாற்றுவதில்லை. குறைந்ததை நிரப்புகிறது, அவ்வளவே. கறுத்த கணுக்கள் தொடர்ந்து அழிந்துகொண்டேயிருக்கின்றன. நூலை எவ்வளவு அனுப்பினாலும் நெய்யும் தறிகள் குறையக் குறைய என்ன செய்வது? முதல் சில ஆண்டுகள் மாத்திரை நாளெல்லாம் நின்று வேலை செய்யும். பிறகு மூன்று நான்கு மணி நேரத்தில் அதன் பலன் தீர்ந்துபோகும். அளவைக் கூட்டினால் உடல் வேண்டாத ஆட்டம் ஆடும். 1987-ஆம் ஆண்டில் பிரான்சில் பெனபித் என்பவர் தொடங்கிய, மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து மின்சாரம் செலுத்தும் முறை சிலருக்கு உதவுகிறது. செலவு மிக அதிகம். நடை, உடற்பயிற்சி ஆகியவை எல்லாக் கட்டத்திலும் நன்மை செய்கின்றன. மாத்திரை உண்போர் இரண்டு விஷயங்களை மனத்தில் கொள்ள வேண்டும். பருப்பு, பால், முட்டை, மாமிசம் முதலிய புரத உணவோடு சேர்த்து உண்டால் சிலருக்கு அதன் பலன் குறையும். ஆகவே உணவுக்கு அரைமணி நேரம் முன்னதாக உண்பது வழக்கம். மற்றொன்று, பணமில்லை என்றோ திருவிழாவுக்கு ஊர் போனோம் என்றோ திடீரென நிறுத்திவிடக் கூடாது. கடும் ஜுரமும் விறைப்பும் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

இவ்வளவும் படித்த அங்கத்தினர் ஒருவர், அப்படியானால் வேலியிலிருக்கும் விதையையே அரைத்து உண்டால் என்ன என்று கேட்பார். நியாயமான கேள்வி. விஞ்ஞானிகளும் அதைக் கேட்டிருக்கின்றனர். 2004-ஆம் ஆண்டில் லண்டனில் எட்டு நோயாளிகளுக்கு இவ்விதைத் தூள் 30 கிராம் கொடுத்துப் பார்த்ததில், மாத்திரையைவிட விரைவில் பலன் தொடங்கியது; கூடுதல் நேரமும் நின்றது. மாத்திரை வாங்க வசதியில்லாத நோயாளிகளை எண்ணி, பொலிவியா தேசத்தில் வறுத்த விதையின் தூளைப் பதினெட்டுப் பேருக்கு ஒரு வேளை கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சி 2017-இல் வெளியாயிற்று. அதிலும் பலன் நன்றாகவே இருந்தது. ஆனால் தினமும் தொடர்ந்து கொடுத்தபோது கதை மாறிற்று. 2018-இல் வெளியான முடிவின்படி, பதினாறு வார ஆராய்ச்சியில் சேர்ந்த பதினான்கு பேரில் பாதிப்பேர் வயிற்றுக் கோளாறாலோ அசைவு மோசமானதாலோ விட்டுவிட நேர்ந்தது.

காரணம் தெளிவு. விதையில் டோபாவின் அளவு நூற்றுக்கு 5 பங்கு அளவில் இருக்கிறது எனினும், இனத்துக்கு இனம், நிலத்துக்கு நிலம் அது கூடும், குறையும். இன்றைய பிடி நாளைய பிடிக்குச் சமம் அன்று. வழியில் வீணாகாமல் தடுக்கும் துணை மருந்தும் விதையில் இல்லை. வறுக்காமலும் வேகவைக்காமலும் உண்டால் விதையிலுள்ள மற்ற நஞ்சுகள் வயிற்றைக் கெடுக்கும். ஏற்கெனவே மாத்திரை உண்பவர் வைத்தியருக்குச் சொல்லாமல் விதையையும் சேர்த்து உண்பாரானால் அளவு மீறிவிடும். சித்த வைத்தியரிடம் போவோரும், ஆங்கில வைத்தியரிடம் போவோரும், தாம் உண்பது இன்னது என்று இருவரிடமும் ஒளிக்காமல் சொல்ல வேண்டுமென்பதே நம் வேண்டுகோள். வைத்திய முறைகளுக்குள்ளே சண்டை மூட்டுவது நம் நோக்கமன்று; ஒரே பொருள் இரு பெயரில் இரு வழியாக உடலுக்குள் போகிறது என்பதே செய்தி.

கணுக்கள் ஏன் அழிகின்றன என்ற கேள்விதான் மிகக் கடினமானது. 1912-ஆம் ஆண்டில் லேவி என்பவர் நோயாளிகளின் மூளைக் கணுக்களுக்குள் உருண்டையான படிவுகளைக் கண்டார். அவை ஆல்ஃபா சைனூக்ளின் என்னும் புரதம் திரண்டு உண்டானவை என்பது 1997-ஆம் ஆண்டில் தெரிந்தது. சில குடும்பங்களில் அப்புரதத்தின் மூலக்கூற்றிலேயே பிழை இருக்கிறது. ஆனால் பெரும்பாலான நோயாளிகளின் குடும்பத்தில் வேறு யாருக்கும் இந்நோய் இல்லை. அப்படியானால் வெளியிலிருந்து வருவது ஏதாவது உண்டா?

இதற்கு விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1982-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், போதை மருந்துக்கு அடிமைப்பட்ட சிலர் திடீரெனக் கல்லாய்ச் சமைந்தவர்போல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டனர். பல ஆண்டுகளில் வர வேண்டிய நடுக்குவாதம் சில நாட்களில் வந்திருந்தது. லெவோடோபா கொடுத்ததும் அசையத் தொடங்கினர். வைத்தியர் லாங்ஸ்டன் துப்பறிவாளரைப்போல் விசாரித்து, கள்ளத்தனமாகக் காய்ச்சிய போதைப்பொருளில் கலந்துவிட்ட ஒரு ரசாயனமே காரணம் என்று 1983-இல் வெளியிட்டார். அந்த ரசாயனம் மூளைக்குள் சென்று மாறும் வடிவம், கறுத்த கணுக்களுக்குள் புகுந்து, அவை மூச்சுவிட்டுச் சக்தி பெறும் உறுப்பையே அடைத்துக் கொல்லுகிறது. அவ்வடிவத்தின் ரசாயன அமைப்பைப் பார்த்தவர்கள் திடுக்கிட்டனர். பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை அது மிகவும் ஒத்திருந்தது.

பாராகுவாட் நம் விவசாயிகளுக்குப் பழக்கமானதுதான். பல கம்பெனிகள் பல பெயர்களில் விற்று வந்த, 24 விழுக்காடு என்று அச்சிட்ட புட்டி அது. தெளித்த இரண்டொரு நாளில் களை கருகிவிடும். அதை விழுங்கியவரைக் காப்பாற்றுவது அரிது என்பதும், அதற்கு மாற்று மருந்தில்லை என்பதும் யாவரும் அறிந்ததே. ஆனால் தெளிப்பவர் உடலில் சிறிது சிறிதாகப் படுவதால் பல ஆண்டுகள் கழித்து என்ன ஆகும் என்பதே இங்கே கேள்வி.

அமெரிக்காவில் அயோவா, வட கரோலினா ஆகிய இரு மாகாணங்களின் விவசாயிகளையும் அவர்கள் மனைவியரையும் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வருகின்றனர். அவர்களில் நடுக்குவாதம் கண்ட 110 பேரையும் நோயில்லாத 358 பேரையும் ஒப்பிட்டு 2011-ஆம் ஆண்டில் டானர் என்னும் வைத்திய அம்மையார் குழுவினர் வெளியிட்ட முடிவு இது: பாராகுவாட் கையாண்டவருக்கு நோய் வரும் வாய்ப்பு, கையாளாதவரைப்போல் இரண்டரை மடங்கு. ரோட்டினோன் என்னும் பூச்சிக்கொல்லிக்கும் அதே இரண்டரை மடங்கு. இந்த ரோட்டினோன் தொழிற்சாலையில் பிறந்த ரசாயனமன்று. டெர்ரிஸ் என்னும் கொடியின் வேர்ச்சத்து; மீன் பிடிக்க நீரில் கலப்பது. எலிகளின் உடலில் அதை இடைவிடாமல் சிறு அளவில் செலுத்தியபோது நடுக்குவாதம் போன்ற நோயும், லேவி கண்டதுபோன்ற படிவுகளும் உண்டானதை 2000-ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தனர். இயற்கையில் விளைந்தது என்பதால் மட்டும் ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது.

இரண்டரை மடங்கு என்பதைத் தவறாகப் பொருள் கொள்ளக் கூடாது. மருந்தடிப்பவரெல்லாம் நடுக்குவாதம் அடைவர் என்பதன்று. அவர்களிலும் மிகப் பெரும்பாலோர்க்கு அது வருவதில்லை. இந்த விஷமே இன்னாருடைய நோய்க்குக் காரணம் என்று ஒரு தனி மனிதரைக் காட்டிச் சொல்லவும் விஞ்ஞானத்தால் இன்று முடியாது. ஆனால் ஐயம் பலமானது. பிரெஞ்சு அரசாங்கம் 2012-ஆம் ஆண்டில், பூச்சி மருந்துகளைக் கையாண்ட விவசாயிகளுக்கு வரும் பார்க்கின்சன் நோயைத் தொழில் நோயாக ஏற்று, ஈட்டுத்தொகை பெறவும் வழி செய்தது. இலங்கையில் பாராகுவாட்டைத் தடை செய்தது வேறு காரணத்துக்காக. அதைக் குடித்து மாண்டோர் தொகையைக் குறைப்பதற்காக.

நெசவாளர்களுக்கு இதில் செய்தியில்லை என்றும் சொல்ல முடியாது. இயந்திர உறுப்புகளின் எண்ணெய்ப் பிசுக்கையும் துணிக் கறையையும் போக்கப் பயன்பட்டு வந்த டிரைகுளோரோ எத்திலீன் என்னும் திரவம் குடிநீரில் கலந்திருந்த ஓர் அமெரிக்கப் படைமுகாமில் தங்கியிருந்தோருக்கு, அவ்வாறு கலக்காத முகாமில் இருந்தோரைவிட நடுக்குவாதம் நூற்றுக்கு 70 பங்கு மிகுதியாக வந்ததாக 2023-இல் ஓர் ஆராய்ச்சி கூறிற்று. கறை போக்கும் திரவங்களின் பெயரைப் பார்த்து வாங்குவதும், அடைத்த அறையில் அவற்றைத் திறந்து வைத்து வேலை செய்யாதிருப்பதும் நலம்.

நம் மொழியில் நோயாளிக்குக் கொடுப்பதையும் மருந்து என்கிறோம். பயிருக்குத் தெளிக்கும் விஷத்தையும் மருந்து என்கிறோம். இந்த ஒரு சொல் எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறதோ, சொல்ல முடியாது. வெறுங்கையால் கலக்குவதும், வெறும் மேலோடு தெளிப்பதும், அடைத்துக்கொண்ட குழாய் முனையை வாயால் ஊதிச் சரிசெய்வதும் நம் வயல்களில் அன்றாடம் காணும் காட்சிகள். முன் சொன்ன அயோவா, வட கரோலினா விவசாயிகளையே மறுபடியும் ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவு இங்கே மிக முக்கியமானது. விஷம் ஊடுருவாத கையுறை அணிந்து வேலை செய்தோரிடம் பாராகுவாட்டுக்கும் நோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை, அணியாதோரிடமே காணப்பட்டது. ஒரு ஜோடி ரப்பர் கையுறையின் விலை, ஒரு புட்டிக் களைக்கொல்லியின் விலையில் மிகச் சிறு பகுதி.

ஆகவே நம் சங்கங்களின் நிர்வாகக் குழுவினர் ஒரு காரியம் யோசிக்கலாம். சங்கத்துப் பண்டசாலையில் களைக்கொல்லியும் பூச்சி மருந்தும் விற்குமிடத்தில், கையுறையையும் அதே பட்டியலில் சேர்த்து, கூடுமானால் அடக்க விலைக்கே கொடுக்கலாம். துணிக் கையுறை வேண்டாம். அது நனைந்து விஷத்தைத் தோலோடு ஒட்டவைத்துக் கேட்டை மிகுதியாக்கும். முழங்கை வரை வரும் ரப்பர் அல்லது நைட்ரைல் கையுறையே ஏற்றது. கையிலிருந்து கழற்றுமுன் சோப்பு நீரில் கழுவ வேண்டும். உட்புறம் கிழிந்திருந்தால் எறிந்துவிட வேண்டும். காற்றுக்கு எதிராகத் தெளித்தல் கூடாது. முதுகில் சுமக்கும் தெளிப்பான் ஒழுகினால் அன்று வேலையை நிறுத்திப் பழுது பார்த்த பிறகே தொட வேண்டும். வேலை முடிந்தவுடன், சாப்பாட்டுக்கும் வெற்றிலைக்கும் பீடிக்கும் கை போகுமுன், குளித்து உடை மாற்ற வேண்டும். அந்த உடையை வீட்டுத் துணிகளோடு சேர்த்து ஊறவைக்காமல் தனியே துவைக்க வேண்டும். அதைத் துவைப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்மணிகளே; கையுறை அவர்களுக்கும் ஒரு ஜோடி வேண்டும்.